யானைக்கு ஹீட்டர் வைத்த கதை

என் மகள் ஷாமினி தரம் எட்டு வரை வாங்கிய சான்றிதழ்களில் பாதி என்னுடையவை. பெயர் அவளுடையது, கைவேலை என்னுடையது. டெங்கு ஒழிப்புச் சுவரொட்டியில் மூன்றாமிடம் வாங்கிய அந்த நுளம்பை வரைந்தது நான்தான். (நுளம்புக்கு ஆறு கால். நான் எட்டு போட்டிருந்தேன். இல்லாவிட்டால் முதலிடம்.)

இதற்குக் காரணம் பேராசை இல்லை, பயம். நான் ஒரு அலுவலகத்தில் இலிகிதராக வேலை செய்கிறேன். வருகிற கடிதத்தை மூன்று முறை வாசிப்பேன், அனுப்புகிற கடிதத்தை ஐந்து முறை வாசிப்பேன், தபாலில் போட்ட பிறகு அதன் பிரதியை எடுத்து ஒரு முறை வாசித்துவிட்டு வியர்ப்பேன். அப்படிப்பட்டவளின் வயிற்றில் பிறந்த பிள்ளை, ஒட்டும் பசையை வழியவிட்டுக்கொண்டு, கத்தரிக்கோலைக் கோணலாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? "கொஞ்சம் தள்ளு, அம்மா இத மட்டும் வெட்டித் தாறேன்" என்பேன். அந்த 'இத மட்டும்' முடியும்போது பிள்ளை தூங்கியிருக்கும், நான் வர்ணம் பூசிக்கொண்டிருப்பேன்.

தரம் எட்டில் இது வெளிச்சத்துக்கு வந்தது. கண்காட்சிக்கு மழைநீர் சேகரிக்கும் வீடு ஒன்று செய்து அனுப்பியிருந்தேன். அதாவது, அவள் செய்திருந்தாள். நடுவர் குனிந்து, "இந்தக் குழாய் எதுக்கு மகள்?" என்று கேட்டார். ஷாமினி குழாயைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், யன்னல் வழியாக என்னைப் பார்த்தாள்.

"தெரியல சேர். அம்மாதான் வச்சாங்க."

மண்டபமே சிரித்தது. அன்று வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தோம். கண்டியில் எங்கள் வீடிருக்கும் மஹய்யாவையில் இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அடுத்த வருஷம் நானே செய்வேன். நானே பேசுவேன். நீங்க தொடக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். புனித அந்தோனியார் பெயரில் பண்ணினேன்.

அடுத்த வருடம் தலைப்பு வந்தது: மிருகக்காட்சிச்சாலை யானைகளை எங்கே வைப்பது? காலநிலை, இடவசதி, செலவு மூன்றையும் கருதி மாதிரி ஒன்று செய்து விளக்குக. கல்வி வலயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மாகாணப் போட்டிக்குப் போகலாம். பிளாஸ்டிக், பொலித்தீன், ரிஜிபோம் எதுவும் கூடாது. இயற்கைப் பொருட்கள் மட்டும்.

ஷாமினி ஒரு தாளில் பென்சிலால் வரைந்து எடுத்துவந்து மேசையில் விரித்தாள். மகாவலி ஆறு கீழே இறங்கிப் போகிற பக்கம், வெயில் காய்கிற பிரதேசத்தில் பெரிய நிலம். ஒரு குளம். நிறைய மரம். ஒரு ஓரத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு கட்டடம்.

"எங்கடி வீடு?" என்றேன்.

"அதான் ஓரத்துல இருக்கே. மருந்து போடுறதுக்கு."

"இது வெறும் வயலா இருக்கு. நடுவர் வந்து எதப் பாப்பாரு?"

"யானைக்கு வீடு வேணாம்மா. எடம்தான் வேணும். நடக்கணும், சேத்துல பொரளணும், நாலஞ்சு யானை ஒண்ணா நிக்கணும்."

சரியாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அன்று அது தோற்றுப்போகிற பிள்ளையின் குரலாகக் கேட்டது. சத்தியத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு (அந்தோனியார் பொறுமைசாலி), நான் பென்சிலைக் கையில் எடுத்தேன்.

முதலில் காலநிலை. இங்கே ஒரு தனிப்பட்ட விடயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த வருடம் எனக்கு இருந்தாற்போல் உடம்பு கொதிக்கிற வயது. காரணமில்லாமல் கழுத்திலிருந்து சூடு ஏறும். அலுவலகத்தில் கோப்பால் விசிறிக்கொள்வேன். அதனால் உலகத்தில் உயிரோடிருக்கிற எல்லோருக்கும் புழுங்குகிறது என்று நம்பியிருந்தேன், யானை உட்பட. அவ்வளவு பெரிய உடம்பு, அதுவும் கறுப்பு, பாவம். குளிர்ந்த இடம்தான் வேண்டும். ஆகவே நுவரெலியா.

மூன்று தலைப்புகளின் கீழும் எழுதினேன். காலநிலை: குளிர், மிக நன்று. இடவசதி: பார்த்துக்கொள்ளலாம். செலவு: அரசாங்கம்.

என் கணவர் தவராஜ் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவர் தெல்தோட்டையில் தேயிலை மலையில் பிறந்து வளர்ந்தவர்.

"ரெஜினா, நுவரெலியால சமதரை எங்க இருக்கு? யானைய சரிவுல விட்டா ஒரு பக்கக் கால் நீளமா வளரணும்."

"நீங்க சும்மா இருங்க."

"தீனி? கீழ இருந்து லொறியில ஏத்தணும். தென்னோல சாப்பிடுற ஜீவனக் கொண்டுபோய் லீக்ஸ் தோட்டத்துல விடுறீங்க."

"அரசாங்கம் பாத்துக்கும்."

அடுத்த நாள் எனக்கே ஒரு பயம் வந்தது. ஜனவரியில் அங்கே பனி விழுமே, யானைக்குச் சளி பிடித்தால்? தும்பிக்கை நீளமாயிற்றே, சளி என்றால் சும்மாவா? ஆகவே தீப்பெட்டியில் சிவப்புத் தாள் ஒட்டி, கறுப்பு நூலை வயராகத் தொங்கவிட்டு, ஒரு ஹீட்டர் செய்து வைத்தேன்.

கணவர் அதை விரலால் தட்டிப் பார்த்தார். "குளிர் வேணும்னு மேல கொண்டு போனீங்க. இப்ப குளிருதுன்னு ஹீட்டர் போடுறீங்க. பேசாம யானையக் கீழயே விட்டா ரெண்டு செலவும் மிச்சம்ல?"

"ஷாமினி, நீ என்ன சொல்ற?" என்றேன், நியாயம் கேட்பவள்போல.

"சரிம்மா" என்றாள். அந்தச் 'சரிம்மா'வில் இருந்த அலுப்பை நான் சம்மதம் என்று பதிவு செய்தேன். அவள் தன் தாளை நாலாக மடித்துப் புத்தகப் பையில் வைத்தாள்.

மாளிகை எழும்பியது. மூன்றடிப் பலகையில், ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் செய்தேன். வாழை மட்டையை உரித்து வெள்ளை வெளேர் என்று சுவர். தென்னோலையைக் கீறிப் பின்னிய கூரை. பலாக் கொப்புகளை நட்டுச் சுற்றிவர மரங்கள். தரையில் வேரோடு பெயர்த்த புல். கட்டியது வாழை நாரால், ஒட்டியது அரிசிமாக் கஞ்சியால். ஒரு குண்டூசி கிடையாது. சிரட்டையைப் பதித்து ஒரு குளம். இவை எல்லாவற்றுக்கும் நடுவே ஷாமினி களிமண்ணில் பிசைந்த யானை ஒன்று நின்றது. (அதை மட்டும் விட்டுக்கொடுத்திருந்தேன். யானை ஒருமாதிரி நன்றாகவே வந்திருந்தது. அதுவும் கொஞ்சம் உறுத்தியது.)

கூடவே ஒரு விளக்கப்படம். பெரிய தாளில், என் குண்டுக் கையெழுத்தில்: 'யானையின் உணவு: தென்னோலை, வாழைத்தண்டு, வாழை மட்டை, பலா இலை, புல்.' எழுதியதை வழக்கம்போல் ஐந்து முறை வாசித்தேன். எழுத்துப்பிழை இல்லை.

கண்காட்சி மடவளையில் ஒரு பாடசாலையில் நடந்தது. எட்டரைக்குள் பொருளைக் கொண்டுபோய்ப் பதிய வேண்டும். எங்கள் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஹயர் ஓடுகிற ரிஸ்வானின் த்ரீவீலைப் பிடித்திருந்தேன். அவருக்கு வீடும் மடவளைதான். பின் இருக்கையில் நானும் ஷாமினியும், எங்கள் இருவரின் மடியிலும் நுவரெலியா. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் "மெதுவா, மெதுவா" என்று கத்தினேன்.

"மிஸ், இதுக்கு மேல மெதுவாப் போனா எறங்கித் தள்ளத்தான் வேணும்" என்றார் ரிஸ்வான்.

கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்குக் கிட்ட வாகனங்கள் தேங்கி நின்றன. கண்டிப் பெரஹெரா ஊர்வலத்துக்கு யானைகள் வந்துசேர்கிற காலம். ஆற்றில் குளித்துவிட்டு ஒரு பெண் யானை ஈரப் பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பாகன், வாய் நிறைய வெற்றிலையோடு.

எனக்குப் பயம் பிடித்தது. யானையைக் கண்டு அல்ல, வாசலை நினைத்து. என் மாளிகையின் வாசல் எட்டு அங்குலம். அதாவது எட்டடி. அது போதுமா? யானையின் முன்காலடியைச் சுற்றி அளந்து இரண்டால் பெருக்கினால் அதன் உயரம் வரும் என்று நூலகப் புத்தகம் ஒன்றில் படித்திருந்தேன். கைப்பையில் அளவு நாடா இருந்தது. சேற்றில் காலடி இருந்தது. நடுவர் கேட்டால், "நேரில் அளந்தோம்" என்று சொல்லலாம்!

"நிப்பாட்டுங்க ரிஸ்வான்!"

"இங்க நிப்பாட்ட ஏலா மிஸ், பொலிஸ் ஈக்குது."

"அஞ்சே நிமிஷம்."

"அம்மா, வேணாம்மா" என்றாள் ஷாமினி. "எட்டரைக்குள்ள பதியணும்."

"வாசல் சின்னதாப் போச்சுன்னா?"

"யாரும்மா வாசல அளக்கப் போறாங்க?"

"அளந்தா?"

என் கல்லறையில் எழுத வேண்டிய சொல் அதுதான். 'அளந்தா?'

ரிஸ்வான் ஓரங்கட்டினார். நான் இறங்கினேன். வண்டியில் விட்டால் யாராவது இடித்துக் கூரை சரிந்துவிடுமோ என்று பயந்து, பாதுகாப்புக்காக மாதிரியையும் இரு கையிலும் ஏந்திக்கொண்டு போனேன். பாதையில் முன்காலடி ஒன்று அச்சாகப் பதிந்திருந்தது. நாடாவைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். மாதிரியை எங்கே வைப்பது? கீழே சேறு. பாகன் பக்கத்தில் நின்றார். பலகையை அவரிடம் நீட்டி, தலையை ஆட்டினேன். கொஞ்சம் பிடியுங்கள் என்று அர்த்தம்.

அவர் துறட்டியைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் பயபக்தியோடு வாங்கினார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு குந்தினேன்.

கண்டியில் இருபது வருடம் குடியிருந்தவள் நான். பிள்ளைக்குப் பரீட்சை, வெளிநாட்டுப் பயணம், புது வேலை என்றால், சனங்கள் ஒரு தட்டில் பழமும் கரும்பும் இலைகுழையும் அடுக்கி இரு கையாலும் ஏந்திக்கொண்டுவந்து பாகனிடம் கொடுப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பாகன் வாங்கி யானைக்கு முன்னால் வைப்பார். யானை சாப்பிட்டால் காரியம் கைகூடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தது ஞாபகத்துக்கு வந்தால்தானே!

நான் குனிந்து நாடாவைச் சுற்றினேன். சேறு வழுக்கியது. மறுபடி சுற்றினேன். பின்னால் 'கறுக்' என்று ஒரு சத்தம்.

"அம்மா!" என்று வண்டியிலிருந்து ஷாமினி.

"ஒரு நிமிஷம்டி."

'கறுக், மொறுக்.'

"மிஸ்! மிஸ்!" என்று ரிஸ்வான்.

"கணக்குத் தப்பிரும், கத்தாதீங்க!" நாற்பத்தைந்து அங்குலம். இரண்டால் பெருக்கினால் தொண்ணூறு. அதாவது ஏழரை அடி. என் வாசல் எட்டடி. போதும்! அரையடி மிச்சம்! வெற்றியோடு எழுந்து, நாடாவை உயர்த்திக்கொண்டு திரும்பினேன்.

கூரை போய்க்கொண்டிருந்தது.

பலகை தரையில் இருந்தது. பலா மரங்களை ஏற்கெனவே காணவில்லை. தும்பிக்கை மேற்குச் சுவரை மிகுந்த மரியாதையோடு பிரித்தெடுத்து, ஒரு தட்டுத் தட்டி, வாய்க்குள் வைத்தது. பிறகு கிழக்குச் சுவர். பிறகு நான் அளந்து அளந்து வைத்த வாசல், எட்டு அங்குலமும் ஒரே வாய்க்கு. கடைசியாகப் புல்லைச் சுருட்டி, பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி எடுத்தது.

"ஐயோ! ஐயோ! எபா! எபா!" என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் சுருங்கிவிட்டது.

"பய வென்ன எபா, நோனா" என்றார் பாகன். பயப்பட வேண்டாமாம். முகம் மலர்ந்திருந்தது. ஒரு துண்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டிருக்கிறது, மகளின் காரியம் நிச்சயம் நல்லபடி முடியும் என்று சிங்களத்தில் வாழ்த்தினார்.

முழுவதும் சாப்பிட்டது என்று சொல்ல முடியாது. ஹீட்டரைத் தும்பிக்கையால் எடுத்தது. மோந்து பார்த்தது. கொஞ்சம் யோசித்தது. என் காலடியில் கொண்டுவந்து போட்டது.

நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருடமாகப் பேசிவைத்த நாள். மணி ஏழே முக்கால். பிள்ளையின் கையில் ஒன்றுமில்லை, காரணம் நான். போன வருடமாவது சிரித்தார்கள். இந்த வருடம் பதியக்கூட ஒன்றும் இல்லை. ஷாமினி வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெறும் பலகை. ஓரத்தில் சிரட்டைக் குளம். நடுவில், எச்சிலில் பளபளத்துக்கொண்டு, களிமண் யானை. சுற்றிவர ஒன்றுமே இல்லை. இடம்.

"அம்மா, எந்திரிங்க" என்றாள். ஹீட்டரை எடுத்து என் கையில் வைத்தாள். "இத நீங்க வச்சுக்கோங்க." பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். "ரிஸ்வான் அங்கிள், போவோம்."

வண்டி புறப்பட்டது. ரிஸ்வான் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்: "மிஸ், நீங்க தட்டோட எறங்கினதும் நானும் நேத்திக்கடனாக்கும் எண்டுதான் நெனச்சன். பொறவுதான் வெளங்கிச்சு."

ஷாமினி மடித்த தாளைப் பையிலிருந்து எடுத்தாள். என் விளக்கப்படத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் எழுதத் தொடங்கினாள். வண்டி குலுங்கியது, எழுத்து கோணியது. என் கை தானாக நீண்டது.

"அம்மா."

கையை மடக்கி, ஹீட்டரைப் பிடித்துக்கொண்டேன்.

எட்டு இருபத்தெட்டுக்குப் பதிந்தோம். பெற்றோர் மண்டபத்துக்குள் போகக் கூடாது. நான் யன்னலில் ஒட்டிக்கொண்டேன், பாவாடை முழுக்கச் சேற்றோடு. நடுவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தார்.

"எங்கை பிள்ளை கட்டடம்? ஒண்டையும் காணேல்லையே?"

"யானை சாப்பிட்டுருச்சு சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னது?"

"காலையில கட்டுகஸ்தோட்டையில. ஓலை, வாழ மட்ட, எல்லாம் அதோட தீனி. கட்டுனது எங்க பிழை. ஆனா சேர், கட்டடம் இல்லாமப் போனதும் எனக்கு இதுதான் சரின்னு பட்டுச்சு. யானைக்கு மொதல்ல எடம்தான் வேணும்."

"ஓம், சொல்லும். ஆனா குளிரான இடம் நல்லமெல்லே? நுவரெலியா மாதிரி?"

என் வாய் யன்னல் கம்பிக்கிடையில் திறந்தது.

"இல்ல சேர். அங்க சமதரை கொறைவு. குளிருக்கு ராவெல்லாம் உள்ளுக்கு அடைச்சு வைக்கணும், ஹீட்டர் போடணும், தீனிய லொறியில ஏத்தணும். அந்தச் செலவுக்குக் கீழ பெரிய நெலமா வாங்கலாம். வெயிலுக்கு மரமும் தண்ணியும் சேறும் இருந்தாப் போதும், அதுவே மேல பூசிக்கிரும். தீனியும் பக்கத்துலயே வளரும். டவுனுக்குக் கிட்ட இருந்தா பாக்க வர்ற நமக்குத்தான் வசதி. யானைக்கு இல்ல."

அவள் ஒரு முறைகூட யன்னலைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பாளா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்கவே இல்லை.

"அப்ப யானை தின்னாட்டி இந்தத் திட்டம் வந்திராதோ?" என்றார் நடுவர்.

"வந்திருக்கும் சேர். என் பையில இருந்துச்சு. எங்கம்மாவுக்குப் புரிய வைக்கத்தான் யானை வேண்டியிருந்துச்சு."

மண்டபம் சிரித்தது. இந்த முறை அவர்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ரிஸ்வான் என் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்தார். "வாங்க மிஸ், பிளேன்டீ ஒண்டு குடிப்போம்."

இரண்டாமிடம் கிடைத்தது. மாகாணப் போட்டிக்குப் போனாள். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை, அதற்கு அவள் அழவும் இல்லை. (நான் அழுதேன்.)

கண்காட்சி அன்று பின்னேரம் என் கணவர் விளக்கப்படத்தை விரித்து, என் பக்கத்தை வாசித்தார். உணவுப் பட்டியலை ஒருதரம் வாசித்தார். பிறகு நிமிர்ந்து, "ரெஜினா, வீட்டக் கட்டிட்டு அடியில மெனுவும் எழுதிக் குடுத்திருக்கீங்க" என்றார். சிரித்து, சிரித்து, கதிரையோடு சரிந்தார். நான் சிரிக்கவில்லை. யானையின் வயிற்றுக்குள் ஏதாவது தவறிப் போயிருக்குமோ என்று மூன்று நாள் தூங்காமல், ரிஸ்வானைத் தினமும் ஆற்றுப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவர் சொன்னார்: "மிஸ், யானை நல்லா ஈக்குது. ஒங்களத்தான் எல்லாரும் விசாரிக்கிறாங்க."

இன்றும் லொறியில் யானை போவதைக் கண்டால் கையில் இருப்பதை நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன்.

எங்கள் வீட்டில் யாராவது ஒரு யோசனை சொன்னால், உடனே ஒரு கேள்வி வரும்: "யானைகிட்ட காட்டியாச்சா?" திரைச்சீலைக்கு என்ன நிறம் என்றால் அந்தக் கேள்வி. கணவரின் தம்பிக்குப் பெண் பார்த்தபோது அந்தக் கேள்வி. பெண் வீட்டார் விளங்காமல் விழித்தார்கள். விளக்கிச் சொன்ன பிறகு அவர்களும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

போன மாதம் ஷாமினி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிற பருவம். எந்தப் பாடநெறி, எந்த வரிசை என்று நான் ஒரு தாளில் எழுதி, ஐந்து முறை வாசித்து, மேசைக்கு முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவள் பிளேன்டீயோடு வந்து எதிரே அமர்ந்தாள். என் தாளைப் பொறுமையாகக் கடைசி வரி வரை வாசித்தாள்.

"நல்லா இருக்கும்மா" என்றாள். "ஆனா நேத்தே யானை சாப்பிட்டுருச்சு."

அதாவது, அனுப்பிவிட்டாள். தன் வரிசைப்படி. பிரதியைக் கேட்டு வாங்கி ஐந்து முறை வாசித்தேன். ஒரு பிழையும் இல்லை.

ஆறாவது முறை வாசிக்கலாமா என்று நினைத்தேன். பிறகு, மடித்து அவளிடமே கொடுத்துவிட்டேன்.